பொதியும் உடன்பாடும்: கணினி வலையமைப்பின் அடிப்படைகள் பற்றிய சில குறிப்புகள்

தகவற் சமூகம், வலைப்பின்னற் சமூகம் முதலிய தொடர்கள் எமது ஆய்வுக் கட்டுரைகளிற் பெருவழக்குப் பெற்றுவிட்டன. புலம்பெயர் எழுத்தை ஆராய்வோரும், வெகுசனப் பண்பாட்டைக் கண்டிப்போரும், இலக்கியத்தின் எதிர்காலம் குறித்துக் கவலைப்படுவோரும் இணையம் என்ற சொல்லைக் கையாளாது ஒரு பந்தியையேனும் முடிப்பதில்லை. ஆயின் அவ்விணையம் எவ்வாறு இயங்குகின்றது என்று வினவினால், எம்மவரிற் பலர் வானத்தை நோக்கிக் கைகாட்டுகின்றனர். அச்சியந்திரத்தைப் பற்றியும், 1835இல் அச்சகச் சட்டம் தளர்த்தப்பட்டமை பற்றியும் ஒன்றும் அறியாதவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை விளக்கப் புகுந்தால் அவரை நாம் புலமையாளராக ஏற்பதில்லை. வலையமைப்பைப் பொறுத்தவரை மட்டும் அவ்வறியாமை மன்னிக்கப்படுகின்றது. சில வேளைகளில் அதுவே ஆழ்ந்த சிந்தனையாகவும் கொள்ளப்படுகின்றது.

இக்குறை எமக்கும் உரியது. 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட, விரிவுரைகள் இணையவழி நடைபெறலாயின. நவீன தமிழ்க் கவிதை பற்றிய விரிவுரைகளின் நடுவே மாணவர் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைவதைக் கண்டோம். எஞ்சியிருந்தோரின் குரல்களும் துண்டு துண்டாகவே வந்தன. அதனை ஈடுபாடின்மை என்றே எண்ணினோம். வரவுப் பதிவேட்டிலும் அவ்வாறே குறித்தோம். ஊவா மலைக்கிராமங்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் சிக்னல் தேடி மலையுச்சிகளுக்கு ஏறிச் சென்ற செய்திகள் பின்னர் வெளிவந்தன. எமது மாணவரிற் சிலரும் அவ்வாறு ஏறியவர்களே என்பதை அறிந்தபோதுதான், நாடோறும் நாம் உச்சரிக்கும் அச்சொல்லுக்கு அப்பால் உள்ளது எதுவென்று எமக்குத் தெரியாது என்பது உறைத்தது. முப்பதுகளின் நடுவில், பொறியியற் பீடத்து நண்பரொருவரின் பொறுமையை நம்பி, வலையமைப்பின் அரிச்சுவடியை நாம் கற்கத் தொடங்கியது இவ்வாறுதான். இக்கட்டுரை அக்கல்வியின் பேறாகும். பொறியியலாளர்க்கு இதிற் புதியது எதுவுமில்லை. கலைப்பீடத்தார்க்கு ஒரு செய்தி உண்டு: வலையமைப்பு என்பது முதன்மையாக ஒரு கருவியன்று, கருவிகளுக்கிடையே மனிதர் எழுதிவைத்த உடன்பாடுகளின் தொகுதி. உடன்பாடு என்று வந்துவிட்டால், யார் உடன்பட்டனர், யாருடைய உடைமையின் மீது என்ற வினாக்களும் உடன்வரும்.

முதலில் தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசத் தொடங்கினால் அவ்விருவருக்கும் இடையே ஒரு தொடர்ச்சியான மின்சுற்று ஒதுக்கப்பட்டுவிடும். அவர்கள் பேசினும் பேசாதிருப்பினும் அது அவர்களுடையதே. மௌனத்துக்கும் கட்டணம் உண்டு. கணினிகளோ கணநேரம் பேசி நெடுநேரம் மௌனம் காப்பவை. அவற்றுக்கு இம்முறை பெரும் விரயமாகும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் போல் பாரனும், 1965ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவில் டொனல்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே தீர்வை வந்தடைந்தனர். செய்தியைச் சிறு சிறு பொதிகளாகத் துண்டாடுக, ஒவ்வொரு பொதியிலும் சேரவேண்டிய முகவரியை எழுதுக, தனித்தனியே அனுப்புக, சென்றடைந்த இடத்திற் கோத்துக்கொள்க. ஒரே வடத்திற் பலருடைய பொதிகள் கலந்து செல்லலாம். எவருக்கும் வழி ஒதுக்கப்படுவதில்லை.

இவ்விருவரின் நோக்கங்கள் வேறுபட்டவை. பாரன் அணுவாயுதத் தாக்குதலுக்குப் பின்னரும் அழியாது நிற்கக்கூடிய படைத்துறைத் தொடர்பைத் தேடினார். டேவிஸ் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்கு மலிவானதொரு வழியைத் தேடினார். இணையம் அணுப்போருக்காகவே அமைக்கப்பட்டது என்று எமது மேடைகளில் அடிக்கடி கூறப்படுவது இவ்வேறுபாட்டை அறியாமையின் விளைவாகும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் அமைக்கப்பட்டதாயினும், பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இருந்த விலையுயர்ந்த கணினிகளைப் பகிர்ந்துகொள்வதே அதன் உடனடித் தேவையாக இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்சிலிருந்து ஸ்ரான்போட் ஆய்வு நிறுவனத்துக்கு, 'லொகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றபோது முதலிரண்டு எழுத்துக்கள் மட்டுமே சென்றடைய, மறுபுறத்துக் கணினி செயலிழந்தது. தொடக்கம் அத்துணை எளிமையானது. இங்கு கவனிக்கத்தக்க இன்னொன்று, பாரனின் திட்டத்தை அந்நாட்டின் தொலைபேசி ஏகபோகமான ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் ஏற்க மறுத்தமையாகும். சுற்றுக்களை விற்றுப் பிழைப்பவர் சுற்றே வேண்டாம் என்னும் கருத்தை வரவேற்பர் என எதிர்பார்த்தல் பேதைமை.

பொதியின் இயல்பை விளங்கிக்கொள்ள எமது துறைக்குள்ளேயே ஓர் ஒப்புமை உண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்தபோது எதிர்கொண்ட ஏட்டுச்சுவடிகளை நினைவுகூர்வோம். கயிறு அறுந்த சுவடியில் ஏடுகள் முறைபிறழ்ந்து கிடக்கும். சில காணாமற்போயிருக்கும். ஒரே ஏடு இரு படிகளில் வந்திருக்கும். ஏட்டெண் இருந்தாற் பதிப்பாசிரியர் தப்பினார். வலையமைப்பிலும் இதுவே நிகழ்கின்றது. மூன்று இலட்சம் குறியீடுகளைக் கொண்ட தமிழ் ஆய்வேடொன்றைப் பேராதனையிலிருந்து இலண்டனுக்கு அனுப்புகிறோம் எனக் கொள்வோம். இன்று வழக்கிலுள்ள ஒருங்குறி முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுக்களை எடுத்துக்கொள்ளும். உரோம எழுத்துக்கு ஒன்று போதும். எனவே எமது ஆய்வேடு ஒன்பது இலட்சம் பைற்றுக்கள். வழக்கமான பொதியொன்று 1500 பைற்று அளவினது. அதில் ஏறத்தாழ 40 பைற்று முகவரி முதலிய தலைப்புக் குறிப்புக்களுக்குப் போக, எஞ்சுவது 1460. ஆகவே சுருக்காது அனுப்பின் ஆய்வேடு 617 பொதிகளாகப் புறப்படும். அவை வெவ்வேறு வழிகளிற் செல்லக்கூடும். முந்தியது பிந்தியும் பிந்தியது முந்தியும் வரக்கூடும். சில வழியிலேயே கைவிடப்படவுங்கூடும்.

கைவிடப்படும் என்பதை வலியுறுத்த விரும்புகிறோம். பொதிகளை வழியனுப்பும் இயந்திரங்களை வழிப்படுத்திகள் என்கிறோம். கடைகளில் ரவுட்டர் என்று கேட்டு வாங்குவதும் இவ்வினத்தின் சிறு வடிவமே. வழிப்படுத்தியிடம் ஓர் அட்டவணை உண்டு. இன்ன முகவரித் தொகுதிக்குரிய பொதியை இன்ன அயலானிடம் கொடு என்பதே அதன் உள்ளடக்கம். முழு வழியையும் அறிந்த வழிப்படுத்தி எங்கும் இல்லை. ஒவ்வொன்றும் அடுத்த காலடியை மட்டுமே அறியும். தாங்கமுடியாத நெரிசல் ஏற்பட்டால் அது பொதியை எறிந்துவிடும்; எவரிடமும் மன்னிப்புக் கோராது. நம்பகமற்ற இந்நடுப்பகுதியின் மீது நம்பகமான தொடர்பை எவ்வாறு கட்டியெழுப்புவது என்ற வினாவுக்குப் பிரான்சிய அறிஞர் லூயி பூசான் தமது சிக்கிளாட் வலையமைப்பில் விடையளித்தார்: பொறுப்பை நடுவில் வைக்காது இரு முனைகளிலும் வைக்கவேண்டும். வின்ற் சேர்வ், றொபேட் கான் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் வேறு வேறு வலையமைப்புக்களை இணைக்கும் பொது நெறிமுறை உருப்பெற்றது. 1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்ப்பாநெற் முழுவதும் ரி.சி.பி., ஐ.பி. என்னும் இரு நெறிமுறைகளுக்கு மாறியது. ஐ.பி. முகவரியையும் வழியையும் கவனிக்கும். ரி.சி.பி. இரு முனைகளிலும் அமர்ந்து, அனுப்பியவற்றுக்கு வரிசையெண் இட்டு, கிடைத்தவற்றுக்குப் பற்றுச்சீட்டு அனுப்பி, பற்றுச்சீட்டு வராதவற்றை மீண்டும் அனுப்பி, முறைபிறழ்ந்தவற்றை அடுக்கும். தாமோதரம்பிள்ளைக்குக் கிட்டாத வசதி அது ஒன்றே. காணாமற்போன ஏட்டை மீண்டும் அனுப்புமாறு அவர் கேட்பதற்கு மறுமுனையில் எவரும் இருக்கவில்லை.

மாணவரின் குரல் துண்டு துண்டாக வந்தமைக்குக் காரணமும் இங்கேயே உள்ளது. நேரடிப் பேச்சுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ரி.சி.பி. அன்று; காணாமற்போனதை மீண்டும் கேளாத, காத்திராத யு.டி.பி. என்னும் நெறிமுறை. பேச்சில் இரண்டு வினாடி பிந்திவரும் சொல்லால் பயனில்லை என்பதால் அத்தெரிவு நியாயமானதே. ஆனால் நலிந்த அலைத்தொடர்பின் ஊடாகப் பேசிய மாணவியின் வாக்கியத்தில் எந்தச் சொற்கள் கைவிடப்பட்டன என்பதை வலையமைப்பு எமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

வழிப்படுத்திகள் நெரிசலில் பொதிகளை எறியுமாயின், எல்லாரும் மேன்மேலும் அனுப்பிக்கொண்டேயிருந்தால் என்னவாகும்? 1986 ஒக்டோபரில் அதுவே நிகழ்ந்தது. கலிபோர்னியாவில், ஏறத்தாழ 400 யார் தூரமே உள்ள இரு நிறுவனங்களுக்கிடையிலான தொடர்பின் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. இழந்தவற்றை ஒவ்வொரு கணினியும் மீண்டும் மீண்டும் அனுப்ப, அவ்வனுப்புதலே நெரிசலைப் பெருக்கியது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது. பற்றுச்சீட்டு வரவில்லையெனில் நெரிசல் உண்டென்று கொள்க. உனது வேகத்தை நீயே பாதியாகக் குறைத்துக்கொள்க. பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க. இதனை நடைமுறைப்படுத்தக் காவலர் எவரும் இல்லை. தன் வேகத்தைக் குறைக்காத கணினி தற்காலிகமாகக் கூடிய பங்கைப் பெறும் என்பது வெளிப்படை. ஆயினும் கோடிக்கணக்கான இயந்திரங்கள் நாள்தோறும் பிறர் பொருட்டு விட்டுக்கொடுத்து நிற்பதாலேயே வலையமைப்பு நிலவுகின்றது. தனிநலப் போட்டியே ஒழுங்கைப் பிறப்பிக்கும் என்ற கோட்பாட்டை வகுப்பறையிற் போதிப்போர், அப்பாடக் குறிப்புக்களை இவ்வொழுங்கின் மூலமே மாணவருக்கு அனுப்பிவைக்கின்றனர்.

இவ்வுடன்பாடுகள் எழுதப்பட்ட முறையும் கருதத்தக்கது. 1969 ஏப்பிரலில் ஸ்ரீவ் குறொக்கர் என்னும் பட்டப்பின்படிப்பு மாணவர் முதலாவது குறிப்பை எழுதினார். அக்குறிப்புத் தொடருக்குக் 'கருத்துரைக்கான வேண்டுகோள்' என்று பெயரிடப்பட்டது. கட்டளை என்றோ விதி என்றோ அல்ல. மாணவர் எழுதினர்; எவரும் படித்தனர்; மறுத்தனர்; இயங்கியது நிலைத்தது. அத்தொடர் இன்றும் வளர்கின்றது. அமெரிக்கப் படைத்துறையின் பணத்தில், பல்கலைக்கழகச் சூழலில், தனியுடைமை உரிமை கோராத கூட்டுழைப்பால் இது பிறந்தது என்பது மார்க்சியவாதிகள் நிதானமாக எண்ணிப்பார்க்கவேண்டிய முரண்பாடு.

அதன் மறுபக்கத்தையும் மறைக்காது கூறுதல் வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் விக்ரர் குளுஷ்கோவ் நாடு முழுவதையும் தழுவிய பொருளாதாரக் கணினி வலையமைப்பொன்றை 1962 முதல் முன்வைத்துப் போராடினார். 1970 ஒக்டோபரில் அது அரசியற்குழுவின் முன் வந்தபோது, நிதியமைச்சரின் எதிர்ப்பால் முழுவடிவில் அங்கீகாரம் பெறாது போயிற்று. தொழினுட்பம் இல்லாமையன்று காரணம். ஒவ்வோர் அமைச்சும் தனது தரவைத் தனது சொத்தாகக் கருதிற்று. இவ்வரலாற்றை எழுதிய பெஞ்சமின் பீற்றர்ஸ், முதலாளிகள் சோசலிசவாதிகளைப் போலவும் சோசலிசவாதிகள் முதலாளிகளைப் போலவும் நடந்துகொண்டனர் என்னும் கருத்துப்பட முடிவுகூறுகிறார். சற்று மிகைதான் எனினும், புறக்கணிக்கக்கூடியதன்று. பொதுவுடைமை என்ற பெயர்ப்பலகை பொதுவுடைமை உறவுகளை உறுதிசெய்யாது என்பதைத் தொழினுட்ப வரலாறும் காட்டுகின்றது.

இனி முகவரிக்கு வருவோம். ஐ.பி. நெறிமுறையின் நான்காம் வடிவத்தில் முகவரி 32 பிட்டு நீளமானது. எனவே இருக்கக்கூடிய முகவரிகள் 4,294,967,296. அதாவது ஏறத்தாழ 429 கோடி. சோதனை முயற்சியாகக் கருதப்பட்ட காலத்தில் இது எல்லையற்றதாகத் தோன்றியது. மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம் ஒன்றுக்கே ஒரு கோடியே 67 இலட்சம் முகவரிகள் கிடைத்தன. பிந்தி வந்த நாடுகள் பல, நாடு முழுவதற்கும் அதனினும் குறைவாகவே பெற்றன. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்புத் தீர்ந்தது. தீர்ந்தபின் முகவரி பண்டமாயிற்று. மேற்கூறிய நிறுவனம் 2017இல் தனது முகவரிகளிற் பாதியளவை விற்க முன்வந்தது. முந்தி வந்தோர் வேலி போட்டுக்கொண்ட நிலத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

பற்றாக்குறையைச் சமாளிக்க ஒரு வழி கையாளப்படுகின்றது. பல கணினிகளையோ கைத்தொலைபேசிகளையோ ஒரே பொது முகவரியின் பின்னால் மறைத்துவைப்பதே அது. இதனை விளக்க எமது மலையகத்தை விட நல்ல உதாரணம் இல்லை. தோட்டத்து லயன் அறைகளில் வாழும் குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லாது, கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வந்துசேரும் நிலை நெடுங்காலம் நிலவியது. அது இன்னும் முற்றாக நீங்கியதன்று. அங்கிருந்து வெளியே கடிதம் எழுதலாம். பதிலும் அலுவலகத்தின் தயவில் வரலாம். வெளியிலிருந்து ஒருவர் தாமாக அக்குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தல் அரிது. பொது முகவரியின் பின்னால் ஒளிந்த கணினியின் நிலையும் அதுவே. அது கேட்கலாம், பதில் பெறலாம். தேடி வருவோரை இலகுவில் வரவேற்க முடியாது. வாசகனாக இருத்தல் எளிது. சொந்தக் கணினியிலிருந்தே உலகுக்கு வெளியிடுபவனாதல் கடினம். வெளியிட விரும்புவோன் தனி முகவரியுடைய பெருங்கம்பனியின் சேவையகத்தில் ஒண்டுக்குடியிருக்க வேண்டும். எழுத்தாளர் அனைவரும் இன்று ஒருசில கம்பனிகளின் தளங்களில் எழுதுவதற்குப் பல காரணங்கள் உண்டு. இப்பற்றாக்குறையும் அவற்றுள் ஒன்று. 128 பிட்டு நீளமுள்ள ஆறாம் வடிவம் இதனைத் தீர்க்க வல்லது. அது 1990களிலேயே வகுக்கப்பட்டது. ஆயினும் பழைய முகவரிகளைப் போதியளவு வைத்திருப்போர்க்கு மாறவேண்டிய அவசரம் இருக்கவில்லை.

எண்களை மனிதர் நினைவில் வைத்திருத்தல் இயலாதாகையாற் பெயர்கள் வழங்கப்பட்டன. தொடக்கத்திற் பெயர்ப்பட்டியல் முழுவதும் ஸ்ரான்போட் ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பேணப்பட்டது. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் ஆள்களப் பெயர்முறையை வகுத்தார். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் கிளைபரந்த அகராதி அது. எந்தச் சேவையகமும் முழு அகராதியை வைத்திருப்பதில்லை. வேர், கிளை, சிறுகிளை எனக் கேட்டுக் கேட்டுச் செல்லவேண்டும். பெயரை மட்டும் தடுத்தல், எண்ணைத் தடுத்தல் என்பன வெவ்வேறு செயல்கள் என்பதும் இதனால் விளங்கும். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரலிலும், 2022 ஏப்பிரலிலும் இலங்கையிற் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது இளைஞர் பலர் வேறு நாட்டினூடாகச் செல்லும் மறைகுழாய் வழிகளை நாடினர். தடை வலையமைப்பின் எந்த அடுக்கில் விழுந்தது என்பதை அறிந்தவன் எந்த அடுக்கில் விலகிச் செல்லலாம் என்பதையும் அறிவான்.

பெயர்முறை ஆங்கில உரோம எழுத்துக்களை மட்டுமே கருதி வகுக்கப்பட்டது. 2010இல் '.இலங்கை' என்னும் தமிழ் உயர்மட்டப் பெயர் ஏற்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சிக்கு நியாயமும் உண்டு. ஆனால் அப்பெயர் வலையமைப்பினுள் தமிழாகச் செல்வதில்லை. 'எக்ஸ்', 'என்' என்னும் இரண்டு உரோம எழுத்துக்களும் இரண்டு சிறு கோடுகளும் முன்னே நிற்க, பொருளற்ற எழுத்துக்களும் எண்களும் கலந்த ஒரு தொடராக மாற்றப்பட்டே அது பயணஞ் செய்கின்றது. திரையில் மட்டும் மீண்டும் தமிழாகின்றது. அலுவலகத்துக்குக் காற்சட்டையும் வீட்டில் வேட்டியும் என்ற நிலை. அடித்தளத்தை வகுத்தவர் மொழியே மேற்கட்டுமானத்தின் எல்லைகளையும் வகுத்தது என்பதற்கு இதனினும் நேரடியான எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை உடன்பாடுகளைப் பேசினோம். அவை செல்லும் பாதை எவருடையது? கண்டங்களுக்கிடையிலான தரவின் மிகப் பெரும்பகுதி வானில் அன்று, கடலுக்கடியில், மயிர் போன்ற கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாகச் செல்கின்றது. முகிலைக் குறிக்கும் சொல்லால் இதனை வழங்குவது சொல்லாட்சியின் வர்க்கச் சார்பை ஆராய்வோர்க்கு நல்ல பொருள். 2004 ஓகஸ்டிற் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் வடத்தைச் சேதப்படுத்த, நாட்டின் வெளித்தொடர்பு பெருமளவு துண்டிக்கப்பட்டது. முகிலை நங்கூரத்தால் அறுக்க இயலாது. கடலடி வடத்தின் கதை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்தி வடங்களைக் கடல்நீரிலிருந்து காத்தது கட்டாபேச்சா என்னும் மரப்பால். அதற்காக மலாயத் தீவுக்கூட்டத்துக் காடுகளில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. எமது நாட்டிற் கொழும்பையும் காலியையும் தந்தி இணைத்தது 1858இல். பேரரசின் வணிகத்துக்கும் படைக்கும் வகுக்கப்பட்ட கடற்பாதைகளையே இன்றைய வடங்களும் பெருமளவு தழுவிச் செல்கின்றன.

இணையத்தின் முதுகெலும்பாக அமைந்த அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் வலையமைப்புப் பொதுப்பணத்தில் இயங்கியது. வணிகப் பயன்பாடு அதிற் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1995 ஏப்பிரலில் அது நிறுத்தப்பட்டு அப்பணி தனியார் கைக்குச் சென்றது. அதன்பின் வலையமைப்புக்களுக்கிடையே இருவகை உறவுகள் நிலைத்தன. சமவலிமையுடையோர் ஒருவர் பொதியை ஒருவர் விலையின்றி ஏற்பர். வலிமை குறைந்தோர் வலியோருக்குக் கட்டணம் செலுத்தியே உலகை அடைவர். எந்தப் பொதி எவ்வழியே செல்லும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தூரமன்று, இக்கணக்கே.

கெனியாவின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். அங்கு நைரோபியில் ஒரு தெருவிலுள்ளவர் அடுத்த தெருவுக்கு அனுப்பும் மின்னஞ்சல் செய்மதிவழியே வேற்றுக் கண்டம் சென்று திரும்பியது. இதனை மாற்ற உள்ளூர் இணையச் சேவையாளர் ஒன்றுகூடி 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பரிமாற்ற நிலையத்தை அமைத்தனர். தொழினுட்ப அடிப்படையில் அது ஓர் அறையும், ஓர் ஆளியும், சில வடங்களுமே. தனது ஏகபோக உரிமை மீறப்பட்டதாகத் தேசியத் தொலைத்தொடர்பு நிறுவனம் முறையிட, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சில வாரங்களுக்குள் அதனை மூடுவித்தது. நீண்ட இழுபறியின் பின்னர் 2002 பெப்ரவரியில் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஓர் அறையில் இரண்டு வடங்களை இணைப்பது யாருடைய உரிமை என்பதே அங்கு வழக்காயிருந்தது. எமது விடுதி மாணவன் அடுத்த அறை நண்பனுக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பும் கவிதை இன்றும் கடல் கடந்து ஒரு கம்பனியின் சேவையகத்தைத் தொட்டே திரும்புகின்றது. ஆனால் அங்கே கெனியாவைப் போல் ஒரு வடத்தால் அதனைத் தீர்க்க முடியாது. தடையாக நிற்பது கம்பியன்று, சேவையின் உடைமை.

தொழினுட்பமே சமூகத்தை மாற்றும் என்போரும், தொழினுட்பம் ஆளும் வர்க்கத்தின் கருவி மட்டுமே என்போரும் எம்மிடையே உளர். றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் முன்னைய கருத்தை வன்மையாக மறுத்தார். பின்னையதற்கும் அவர் இடங்கொடுக்கவில்லை. வலையமைப்பின் அடிப்படைகளைக் கற்றபின் அவர் நிலைப்பாடு எமக்கு மேலும் தெளிவாயிற்று. வடிவத்தில் மையமற்றதாக அமைந்த ஒன்று உடைமையில் மையப்பட்டுச் செல்வதை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்ட முடிகின்றது. எந்த அடுக்கில் உடன்பாடு எழுதப்பட்டது, எந்த அடுக்கிற் சுங்கச்சாவடி அமைக்கப்பட்டது என்று சுட்ட முடிகின்றது. 2020இல் உள்நாட்டுப் பல்கலைக்கழகச் சேவையகங்களின் வழியே கற்போரிடம் தரவுக்கட்டணம் அறவிடாதிருக்க ஏற்பாடு செய்யப்பட்டபோது, நிகழ்ந்தது குறித்த சில முகவரிகளுக்கான விலையைச் சுழியமாக்கியமை மட்டுமே. ஆகவே அது இயலாததன்று. மலையுச்சிக்கு ஏறியவர்க்கு அச்சலுகை எட்டாதது, அவர் ஊரிற் கோபுரம் எழுப்புவது இலாபமற்றது என்று முன்னரே கணக்கிடப்பட்டுவிட்டமையால்.

தாமே பார்க்க விரும்புவோர்க்கு ஒரு வழி. ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு வழிப்படுத்தியும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியமானாற் பொதியை எறிந்து, அனுப்பியவருக்கு அறிவிக்கும். வழிதெரியாத பொதிகள் முடிவின்றிச் சுழலாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. ஆயுள் ஒன்று எனக் குறித்து அனுப்பினால் முதலாவது வழிப்படுத்தியும், இரண்டு எனக் குறித்தால் இரண்டாவதும் தம்மைக் காட்டிக்கொடுக்கும். இதனைத் தானே செய்யும் கட்டளை ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் உண்டு. எமது துறை அறையிலிருந்து, நாம் அன்றாடம் எழுதும் தளமொன்றை நோக்கி அதனை ஏவினோம். முதற் சில வரிகள் எமது வளாகத்தினுள்ளே. பின்னர் எண்கள் மாறின; பதில் வரும் நேரம் திடீரெனக் கூடியது; பொதி கடலைக் கடந்திருந்தது. அதற்கப்பால் வந்த வரிகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. மூன்று மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும். பதிலளிக்க வேண்டாம் என்று உரிமையாளர் பணித்துவைத்த வழிப்படுத்திகளை அக்குறிகள் பெரும்பாலும் சுட்டும் என்றார் நண்பர். மாணவர் அவற்றை எண்ணினர். ஏழு வரிகள் இருந்தன.